ஸ்பாஞ்சுப் பூரிக்கட்டை

ஜூன் 2, திங்கள்

மணி: காலை 6.20. நேரம்: ஒரு மணி. காரணம்: சனிக்கிழமை குளியலறைக் கதவில் இடித்துக்கொண்டது.

டாக்டர் நடேசன் கேட்டது இந்த மூன்று கட்டங்களைத்தான். இடது காதில் இரைச்சல் எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, என்ன காரணம். ஒரு மாதம் எழுதிக்கொண்டு ஜூலை மூன்றாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார். என் பெண் முகியின் பழைய கணக்கு நோட்டில் பாதிப் பக்கம் மிச்சம் இருந்தது. அவளுடைய ஸ்கேலை வாங்கிக் கோடு போட்டேன். ஆனால் பதினாறு வருடமாக வசனம் எழுதிப் பிழைக்கிறவனுக்குக் கட்டத்துக்குள் நிற்க வராது. கூடுதலாக எழுதுகிற பக்கங்களைக் கிழித்துவிட்டுக் கொடுக்கலாம்.

செவிப்பறையில் சின்னக் கிழிசல் என்றார் டாக்டர். "கதவுல இடிச்சா வெளிக்காது வீங்கும் சார். உள்ள கிழியாதே." நான் சொன்னேன்: "எங்க வீட்டுக் கதவு கொஞ்சம் கோபக்காரக் கதவு டாக்டர்." அவர் வாய்விட்டுச் சிரித்தார். 'தாயம்மா இல்லம்' எழுதுகிறவன் என்று சொன்னதும் இன்னும் சிரித்தார். அவர் வீட்டில் எல்லாரும் ஏழு மணிக்கு அதைத்தான் பார்க்கிறார்களாம்.

மதியம் சேனலில் கூட்டம். எங்கள் சீரியலில் கதை என்று பெரிதாக எதுவும் கிடையாது. தாயம்மா என்று ஒரு மனைவி, குழந்தைவேலு என்று ஒரு கணவன். அவன் எதையாவது சொதப்புவான், அவள் பூரிக்கட்டையை எடுப்பாள், அவன் சுற்றிச் சுற்றி விழுவான். அடுத்த காட்சியில் தலையில் கட்டுடன் காபி குடிப்பான். மூன்று வருடமாக ஓடுகிறது. இப்போது சேனலுக்குப் புதிதாக வந்திருக்கும் ஷர்மிளா மேடம் நேயர்களிடம் கருத்துக் கேட்டு ஒரு கட்டுக் காகிதம் கொண்டுவந்திருந்தார்.

"நம்பற மாதிரி இல்லைன்னு சொல்றாங்க சார். எந்த வீட்ல பொண்டாட்டி புருஷனை இப்படி அடிக்கிறா? அவன் ஏன் வெளிய போகாம நின்னு வாங்கறான்? பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு ஏன் சத்தமே கேக்கறதில்லை? பெத்த பொண்ணு பார்த்துட்டுச் சிரிக்குது. எந்தக் குழந்தை சிரிக்கும்?"

டைரக்டர் தண்டபாணிக்கு மூக்குக்கு மேல் கோபம். "காமெடியில யதார்த்தம் பார்த்தா சிரிப்பு எங்க மேடம் வரும்? வாழைப்பழத் தோல்ல வழுக்கி விழுந்தவனுக்கு எலும்பு உடைஞ்சுதான்னு எவனாவது கேக்கறானா?"

"உடையலைன்னா எப்படி உடையலைன்னு கேப்பாங்க சார் இப்ப."

எனக்கு இரண்டு பேர் சொல்வதும் சரி என்றே பட்டது. எனக்கு எப்போதும் அப்படித்தான் படும். இனிமேல் வீடுகளில் நிஜமாக நடப்பதை வைத்து எழுதுங்கள், இல்லாவிட்டால் செப்டம்பரோடு முடித்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். பயமாக இருக்கிறது. சீரியல் நின்றுவிட்டால் நாள் முழுக்க வீட்டில் இருக்க வேண்டும்.

ஜூன் 4, புதன்

மணி: மாலை 6.10. நேரம்: பத்து நிமிடம். காரணம்: லிஃப்ட்.

டாக்டருக்கு இது புரியாது. சுகந்தி, என் மனைவி, கல்லூரியில் கணிதம் நடத்துகிறாள். ஆறு மணிக்குக் கல்லூரி வேன் வாசலில் இறக்கிவிடும். ஆறு பத்துக்கு லிஃப்ட் எங்கள் மாடியில் 'டங்' என்று நிற்கும். அந்தச் சத்தத்துக்குக் காது சேர்ந்து பாடுகிறது. அவ்வளவுதான் விஷயம்.

ஜூன் 5, வியாழன்

இரைச்சல் இல்லை. வளசரவாக்கத்தில் ஷூட்டிங்.

ஆர்ட் அசிஸ்டன்ட் இஸ்மாயிலின் பெட்டியில் இரண்டு பூரிக்கட்டைகள் உண்டு. ஒன்று மரம், மாவு தேய்க்க. இன்னொன்று ஸ்பாஞ்ச், அடிக்க. ஸ்பாஞ்சைச் செதுக்கி, பழுப்புப் பெயின்ட் அடித்து, மரத்தின் ரேகைகூடப் போட்டிருப்பார். இரண்டடி தூரத்தில் எது எது என்று யாருக்கும் தெரியாது. கையில் தூக்கினால்தான் தெரியும்.

குழந்தைவேலுவாக நடிக்கும் மோகன்தாஸ் இன்றும் தாமதம். ஒத்திகைக்கு அவருடைய இடத்தில் நான்தான் நிற்பேன். தாயம்மாவாக நடிப்பவர் சந்திரகலா அம்மா; ஐம்பது வயது, எல்லாருக்கும் கலாம்மா. கட்டையை ஓங்கினார். நான் தோளை உயர்த்திக் கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டாம் முறையும் அதேதான்.

"தம்பி, இது ஸ்பாஞ்சு."

"தெரியும்மா. நடிப்புதான்."

"மோகன்தாஸ் நடிக்கிறப்போ, கட்டை மேல பட்டப்புறம்தான் கண்ணை மூடுவாரு. நீங்க நான் கையைத் தூக்கறதுக்கு முன்னாடியே மூடறீங்க."

ரைட்டர் என்றால் அடுத்த காட்சி முன்கூட்டியே தெரியும் அம்மா என்றேன். லைட்மேன்கள் சிரித்தார்கள். கலாம்மா சிரிக்காமல் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

குழந்தைவேலு விழுகிற விதம் பற்றி இங்கே ஒரு வார்த்தை. தலையைப் பிடித்துக்கொண்டு இரண்டு சுற்று, சோபாவின் கைப்பிடியில் சரிந்து, ஒரு கால் மட்டும் மேலே. குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் அதைச் செய்து காட்டுகிறார்களாம். அது என் கண்டுபிடிப்பு. முகிக்கு அப்போது ஐந்து வயது. அவள் உதடு கோணி அழத் தயாரானாள். நான் சட்டென்று இரண்டு சுற்றுச் சுற்றி விழுந்தேன். அழுகை நின்று சிரிப்பு வந்தது. மறுவாரமே அதை எழுதிக் கொடுத்துவிட்டேன். எதற்காகச் சுற்றினேன் என்பது காது டாக்டருக்குத் தேவையில்லை.

ஜூன் 7, சனி

மணி: காலை 5. நேரம்: நாள் முழுக்க விட்டு விட்டு. காரணம்: தலையணை இல்லாமல் படுத்தது.

குப்பை போடப் போனபோது கீழ்வீட்டுப் பத்மநாபன் சார் பிடித்துக்கொண்டார். தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் சீரியலின் பரம ரசிகர்.

"நேத்து சாயந்தரம் ரிகர்சல் பலமா இருந்ததே சார். நாற்காலிகூட விழுந்துது போல."

"ஆமா சார். டயலாக் சரியா வரணுமே."

"மேடமும் நல்லா ஒத்துழைக்கறாங்க. உங்களுக்கு இடைஞ்சலா இருக்கக் கூடாதுன்னு நாங்க டிவி சவுண்டைக் கூட்டி வச்சிக்கிட்டோம்."

என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். 'தாயம்மா இல்லம்'தானாம்.

ஷர்மிளா மேடத்தின் கேள்விகளில் ஒன்றுக்கு விடை கிடைத்துவிட்டது. எழுதினால் அதையும் நம்ப மாட்டார். எனக்கு ஒரு நல்ல சொல்லும் கிடைத்தது. இனி இந்த நோட்டில் அதற்கு ஒத்திகை என்று பெயர்.

ஜூன் 10, செவ்வாய்

இரைச்சல் இரண்டு முறை. காரணம்: கதவு.

யதார்த்தமாக ஒரு காட்சி எழுதிக் கொண்டுபோனேன். தாயம்மா கோபமாக இருக்கும்போது குழந்தைவேலு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறான். வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, குழாயைத் திறந்துவிட்டு, மடியில் நோட்டை வைத்து எழுதுகிறான். பழைய தாழ்ப்பாள் ஆடுகிறது என்று போன மாதம்தான் அவனே ஹார்டுவேர் கடையில் புதிது வாங்கி மாட்டியிருக்கிறான்.

ஷர்மிளா மேடம் படித்துவிட்டுப் பேனாவால் அடித்தார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு வளர்ந்த ஆம்பள பாத்ரூம்ல ஒளிஞ்சு உக்காந்து எழுதுவானா? இதுக்குப் பூரிக்கட்டையே பரவாயில்லை."

தண்டபாணி வெளியே வந்து தோளில் தட்டினார். நல்லவேளையாக வலது தோள். "யோவ் கருணா, எங்கேர்ந்துய்யா பிடிக்கிற இதெல்லாம்?"

கற்பனைதான் சார் என்றேன். குழாயடியில் இன்னொரு வாளி நிரம்பிவிட்டது, இதோடு நிறுத்துகிறேன்.

ஜூன் 12, வியாழன்

ஒத்திகை. சிறியது. முகி சிரித்தாள்.

ஜூன் 13, வெள்ளி

இரைச்சல் இல்லை.

இதையும் எழுதத்தான் வேண்டும். காலையில் சுகந்தி என் தலையை மடியில் வைத்துக் காதில் மருந்து விட்டாள். சொட்டு மருந்து குளிர்ந்திருக்கக் கூடாது என்று பாட்டிலை உள்ளங்கையில் உருட்டிச் சூடாக்கிய பிறகுதான் விட்டாள். அவள் கண்ணீர் என் கன்னத்தில் விழுந்தது.

"நீங்க ஏங்க என்னை இப்படிப் பண்ண வைக்கிறீங்க? எனக்கு மட்டும் ஆசையா?"

மன்னிச்சுக்கோ என்று சொன்னேன். எதற்காக என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. மதியத்துக்கு வத்தக்குழம்பும் அப்பளமும் கட்டிக் கொடுத்தாள். ஷூட்டிங்கில் எல்லாரும் கொடுத்துவைத்தவன் என்றார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அவள் நல்லவளாக இருக்கும் நாட்களில்தான் எனக்கு அதிகப் பயம். கண்ணாடிப் பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படியிறங்குகிற மாதிரி இருக்கிறது.

ஜூன் 14, சனி

இன்று நான் செய்த காரியத்தைக் குழந்தைவேலு செய்திருந்தால் ஷர்மிளா மேடம் சீரியலையே நிறுத்தியிருப்பார்.

பேக்கப் ஆனதும் இஸ்மாயிலின் பெட்டியிலிருந்து ஸ்பாஞ்சுக் கட்டையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். வீட்டில் சுகந்தி குளிக்கப் போனபோது சமையலறையில் தொங்கிய கட்டையை எடுத்துவிட்டு இதை மாட்டினேன். எங்கள் கட்டையின் ஒரு முனை அடுப்பில் பட்டுக் கருகியிருக்கும். இதிலும் ஐப்ரோ பென்சிலால் கருப்புத் தீற்றிவிட்டேன். இரண்டடி தள்ளி நின்று பார்த்தேன். அச்சு அசல்.

வெகுநாள் கழித்து வீட்டுக்குள் சீட்டியடித்தேன். முகி விசித்திரமாகப் பார்த்தாள்.

ஜூன் 16, திங்கள்

மரக்கட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வது. குப்பையில் போட்டால் பத்மநாபன் சார் பார்ப்பார். இஸ்மாயிலின் பெட்டியிலேயே அடியில் போட்டுவிட்டேன். கட்டைகளுக்குள் ஒரு கட்டை.

சுகந்தி சப்பாத்தி செய்யமாட்டாள். கடையில் வாங்கியதுதான் பிடிக்கும். ஆகவே தேய்க்க எடுக்கப்போவதில்லை. நான் நன்றாக யோசித்துத்தான் செய்திருக்கிறேன்.

ஜூன் 18, புதன்

மணி: தெரியவில்லை. நேரம்: இன்னும் நிற்கவில்லை. காரணம்: கதவு.

ஜூன் 20, வெள்ளி

உடம்பு சரியில்லை என்று இரண்டு நாளாக ஷூட்டிங் போகவில்லை. கேஸ் சிலிண்டர் வந்தது. கொண்டுவந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பைக்லேர்ந்து விழுந்தீங்களா சார்?" என்றார். ஆமாம் என்றேன். என்னிடம் பைக் கிடையாது.

ஜூன் 22, ஞாயிறு

சுகந்தி பரீட்சைத் தாள் திருத்தப் போயிருக்கிறாள். ஐந்து மணிவரை வரமாட்டாள். இருந்தாலும் குளியலறையில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

புதன்கிழமை முகியின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். நான் போக வேண்டியது, மறந்துவிட்டேன். தப்புதான். சுகந்தி சமையலறைக்குள் போய்க் கட்டையுடன் வந்தாள். என் தோளில் இறங்கியது. 'பொஃப்' என்று ஒரு சத்தம். கட்டை நடுவில் மடங்கி, பிறகு மெதுவாக நிமிர்ந்தது.

மூன்று பேரும் அதைப் பார்த்தோம். முகி களுக்கென்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கியிருக்க வேண்டும்.

சுகந்தி கட்டையைக் கட்டைவிரலால் அழுத்தினாள். பள்ளம் விழுந்து எழுந்தது. கையில் ஐப்ரோ பென்சில் கருப்பு ஒட்டியது. அதை வெகுநேரம் பார்த்தாள். சத்தம் போடவில்லை.

"அப்ப அந்தத் தாயம்மா நான்தானா? ஊரே பார்த்துச் சிரிக்கிறது என்னையா?"

காலேஜில் பிள்ளைகள் அவளை 'தாயம்மா மேம்' என்று பின்னால் கூப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். ரைட்டர் மனைவி என்பதால் வந்த பட்டப்பெயர் என்று அவள் பெருமையாகத்தான் சொல்லியிருந்தாள். அந்தத் தாயம்மா தான்தான் என்று இதுவரை அவளுக்குத் தோன்றவே இல்லை. மூன்று வருடம் என்னுடன் உட்கார்ந்து ஏழு மணிக்கு அதைப் பார்த்தவள். எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவள்.

உள்ளே போய்க் குக்கர் மூடியை எடுத்து வந்தாள். குக்கர் மூடி ஸ்பாஞ்சில் செய்ததில்லை.

நான் வழக்கம்போல இரண்டு சுற்று சுற்றி விழுந்தேன். முகி சிரித்தாள். நான் விழுந்த பிறகும் சிரித்தாள். சுகந்தி நிறுத்தாதபோது இன்னும் சத்தமாக, தொண்டை கிழிகிற மாதிரி, கையைத் தட்டிக்கொண்டு சிரித்தாள். அது எனக்கு விளங்கவில்லை. அந்தச் சிரிப்பு இப்போதும் வலது காதில் இருக்கிறது. இடது காதில் இரைச்சலைத் தவிர எதுவும் இல்லை.

ஸ்பாஞ்சுக் கட்டையைச் சுகந்தி ஹாலில் ஷோகேசுக்குள் வைத்திருக்கிறாள், என் விருதுக்குப் பக்கத்தில். நான்கு நாளாக ஒரு வார்த்தை பேசவில்லை. நேரத்துக்குச் சாப்பாடு வருகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. இது சீரியல் பற்றிய பயம் இல்லை. ஆரம்பத்தில் எழுதியதும் சீரியல் பற்றிய பயம் இல்லை.

ஜூன் 24, செவ்வாய்

இஸ்மாயில் ஸ்பாஞ்சுக் கட்டையைக் காணாமல் தேடிக்கொண்டிருந்தார். கிடைக்கும்வரை ஒத்திகைக்கு இருக்கட்டும் என்று பெட்டியிலிருந்து கைக்கு வந்ததை எடுத்துக் கலாம்மாவிடம் கொடுத்தார். மோகன்தாஸ் வரவில்லை. நான் நின்றேன்.

கலாம்மா ஓங்கினார். கருகிய முனை தெரிந்தது.

நான் எப்படிப் பின்னால் போனேன் என்று தெரியவில்லை. முதுகு செட் சுவரில் மோதியது. பிளைவுட் சுவர் ஆடி, மாட்டியிருந்த காலண்டர் விழுந்தது. எல்லாரும் சிரித்தார்கள். தண்டபாணி, "யோவ், இதையே வச்சுக்கலாம்ய்யா" என்றார்.

கலாம்மா கட்டையைக் கையில் எடைபோட்டுப் பார்த்தார். "இஸ்மாயிலு, இது நெசக் கட்டை. நம்மளுதும் இல்ல. யாரு வீட்டுது இது?"

அவர் என்னை மட்டும் பார்த்தார். பிறகு மேக்கப் அறைக்குக் கூப்பிட்டு, டச்சப் பெண்ணை டீ வாங்கி வரச் சொல்லி அனுப்பினார். ஈரப் பஞ்சால் என் கன்னத்தைத் துடைத்தார். காலையில் நானே பூசிக்கொண்ட பவுடர் வந்தது.

"எத்தனை வருஷமா?"

கதவு என்று ஆரம்பித்தேன்.

"நானும் கதவுன்னுதான் சொன்னேன் தம்பி. படின்னேன், பாத்ரூம்னேன். என் முதல் வீட்டுக்காரரு. நாலு வருஷம். ஆனா நான் நெசத்தைச் சொன்ன அன்னைக்கு யாரும் சிரிக்கல. உங்களுக்கு அந்த வசதிகூட இல்ல." பஞ்சைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "மூணு வருஷமா இந்தக் கையாலதான் உங்களை வச்சு ஊரைச் சிரிக்க வச்சிருக்கேன்."

"எழுதினது நான்தானேம்மா."

"பாப்பா என்ன பண்ணும், அந்த நேரத்துல?"

"சிரிப்பா. நான் விழறது அவளுக்குக் காமெடி."

"அவகிட்ட கேட்டீங்களா?"

கேட்டதில்லை. சிரிக்கிறவர்களிடம் ஏன் சிரிக்கிறாய் என்று நான் எந்த நாளும் கேட்டதில்லை. சிரித்தால் போதும் என்பதுதான் என் தொழில்.

சாலிகிராமத்தில் தன் வீட்டு மாடிப் போர்ஷன் காலியாக இருக்கிறது என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 26, வியாழன்

கலாம்மா இனி அடிக்கிற காட்சியில் நடிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஷர்மிளா மேடத்துக்குச் சந்தோஷம், இப்போதுதான் யதார்த்தமாக இருக்கிறதாம். தண்டபாணி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "அப்ப சிரிப்பு எங்கேர்ந்துய்யா வரும்?"

"தெரியல சார்."

நிஜமாகவே தெரியவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

சுகந்தி மறுபடியும் தாள் திருத்தப் போயிருக்கிறாள். முகிக்குத் தலை பின்னிவிட்டேன். நறுமுகை என்று பெயர் வைத்துவிட்டு முகி, முகி என்று கூப்பிடுகிறோம். எட்டு வயது. எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள், அதனால் கேட்க முடிந்தது.

"முகி, அம்மா கோபமா இருக்கறப்போ நான் விழுந்தா நீ சிரிக்கறியே, அது அவ்ளோ காமெடியாவா இருக்கு?"

அவள் ரிப்பனைச் சுண்டிக்கொண்டிருந்தாள். "இல்லப்பா."

"அப்புறம் ஏன்டா சிரிக்கற?"

"நான் சிரிச்சா அம்மா நிறுத்திடுவாங்க."

என் கை அப்படியே நின்றுவிட்டது.

"டிவியில அப்படித்தானேப்பா. அந்தப் பொண்ணு சிரிச்சதும் அந்த சீன் முடிஞ்சிடும். அதான் நீங்க சுத்த ஆரம்பிச்சதுமே நான் சிரிச்சிடுவேன். சிரிப்பு வரலைன்னா உங்க சீரியலை நெனச்சுக்குவேன்." பின்னல் அவிழ்கிறது என்று தலையை ஆட்டிக் காட்டினாள். பிறகு மிகச் சின்னக் குரலில், "அன்னைக்கு ஒரு தடவை நான் சிரிக்க லேட்டாயிடுச்சுப்பா. வாயில தோசை இருந்துச்சு. அன்னைக்குத்தான் உங்க காது போச்சு. சாரிப்பா."

பின்னலை முடித்தேன். ரிப்பனைக் கட்டினேன். இரண்டு முறை அவிழ்ந்தது, மூன்றாவது முறை நின்றது.

மூன்று வருடமாக என் குழந்தை சிரிக்கிறாள், பயப்படவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஜூலை 3, வியாழன்

சாலிகிராமத்தில் கலாம்மா வீட்டு மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே லிஃப்ட் கிடையாது.

காலையில் சுகந்தி வேன் ஏறியதும் முகியின் பள்ளிக்கூடப் பையில் இரண்டு யூனிஃபார்ம் வைத்தேன். சுகந்திக்கு ஒரு கடிதம் எழுதிவைக்கலாம் என்று உட்கார்ந்தேன். பதினாறு வருடம் வசனம் எழுதினவனுக்கு ஒரு வரி வரவில்லை. 'முகியும் நானும் பத்திரமாக இருக்கிறோம்' என்று மட்டும் எழுதி, ஷோகேசில் அந்தக் கட்டைக்குக் கீழே வைத்தேன். வீட்டைப் பூட்டும்போது லிஃப்ட் சத்தம் கேட்டது. சுவரோடு ஒட்டி நின்றேன். பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு வந்த நாலாவது மாடிக்காரர். முகி என் விரலைப் பிடித்து இழுத்தாள், "வாங்கப்பா, அம்மா இல்ல" என்று.

நேராக டாக்டர் நடேசனிடம் போனோம். பக்கங்களைக் கிழிக்கவில்லை. ஆனால் அவர் கட்டங்களை மட்டும்தான் பார்த்தார். காதுக்குள் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, கிழிசல் பெரிதாகியிருக்கிறது என்றார்.

"கதவு, லிஃப்ட், தலையணை, கதவு. மறுபடியும் கதவு. சார், உங்க வீட்டுக் கதவை முதல்ல மாத்துங்க."

"கதவு இல்ல டாக்டர். என் மனைவி அடிச்சாங்க."

டாக்டர் சிரித்தார். ஓரத்தில் நின்ற நர்ஸும் கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். "காமெடி ரைட்டர்னு காட்டிட்டீங்களே சார். பூரிக்கட்டையாலயா?"

அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் இல்லை. அந்தச் சிரிப்பு நான் எழுதிக் கொடுத்ததுதான். எந்த இடத்தில் வரும், எவ்வளவு நேரம் நிற்கும் என்று எனக்குத் தெரியும். அது முடிவதற்காகக் காத்திருந்தேன். என் முகமும் பழக்கதோஷத்தில் அவர்களோடு சேர்ந்து சிரிக்கத் தொடங்கியிருந்தது.

அப்போது டாக்டரின் பார்வை முகி மேல் விழுந்தது. அவள் பையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை. மூன்று வருடத்தில் முதல்முறையாக, சிரிக்க வேண்டிய இடத்தில் என் பெண் சிரிக்கவில்லை.

டாக்டரின் சிரிப்பு நின்றது. நர்ஸ் கையை இறக்கினார்.

"குக்கர் மூடியால டாக்டர்" என்றேன். "அதுக்கு முன்னாடி உள்ளங்கையால."

அவர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். முகியிடம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். பிறகு ஒரு புதுத் தாளை எடுத்து, "மெதுவா சொல்லுங்க, முதல்லேர்ந்து" என்றார். போலீஸுக்குப் போவதானால் தான் எழுதித் தரும் தாள் உதவும் என்றும் சொன்னார்.

மாலை ஏழு மணிக்குக் கலாம்மா கீழே டிவி போடவில்லை. என் போன் பதினெட்டு முறை அடித்தது. எடுக்கவில்லை. ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் பயந்தேன், இப்போதும் பயந்துகொண்டுதான் எழுதுகிறேன். நாளைக்கு என்ன என்று எனக்குத் தெரியாது. முகி தோசை சாப்பிடுகிறாள். மெதுவாக, அவசரமில்லாமல் மெல்லுகிறாள்.

அவளுடைய ஸ்கேலை வாங்கி முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு கதவையும் கோடு போட்டு அடித்தேன். தலையணையையும் லிஃப்டையும் அடித்தேன். இன்றைய கட்டம் மட்டும் பாக்கி.

மணி: இரவு 7.40. நேரம்: விடாமல். காரணம்: சுகந்தி அடித்தாள்.